நிலத்தடி நீரை வைத்து வெள்ளத்தையும் வறட்சியையும் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீர்மட்டத்தைக் கணிக்கும் வேலையில் இருப்பதால் எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கூட்டங்களில் கேட்கிறார்கள், போனில் கேட்கிறார்கள், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் ஓரிடத்தில் எழுதி வைக்கலாமே என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

நிலத்தடி நீர் மாடல்னு சொல்றீங்களே, அது என்ன? கண்ணால பார்க்கிற பொருளா?

இல்லை, கணினியில் ஓடும் கணக்கு. மண்ணுக்குள் எவ்வளவு நீர் இறங்குகிறது, பக்கவாட்டில் எங்கே நகர்கிறது, ஆற்றுக்கும் ஊற்றுக்கும் எவ்வளவு கசிந்து போகிறது, மோட்டார் போட்டு எவ்வளவு எடுக்கிறோம் என்பதையெல்லாம் நாள்தோறும் கூட்டிக் கழித்துக்கொண்டே போவது. மிச்சம் கூடினால் மட்டம் ஏறும், குறைந்தால் இறங்கும். அவ்வளவுதான் அடிப்படை.

நீர் நகர்வதற்கான விதி பழையது. பிரான்ஸின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்றி தார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிட்டு அளந்து 1856இல் வெளியிட்டது: அழுத்தச் சரிவு இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காகும். இன்றைய மென்பொருள்களுக்கு அடியிலும் இருப்பது இந்த விதியே. ஆனால் எந்த மண்ணில் ஓடுகிறது என்பதுதான் தலைவலி. சரளையில் நீர் புகுந்து போகும் எளிமைக்கும் களிமண்ணில் போவதற்கும் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஒரே வயலுக்கு அடியில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கலாம்.

வெள்ளம் மேலே ஓடுது, இந்தத் தண்ணி கீழே கிடக்குது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு விதமான சம்பந்தம். நீர்மட்டம் ஏற்கெனவே தரையை ஒட்டி நின்றால், அடுத்து வரும் மழைக்கு மண்ணில் இடம் இருக்காது. பெய்தது அப்படியே வழிந்தோடும். ஒரே அளவு மழை ஒரு தடவை ஊரை முழுக்குவதும் இன்னொரு தடவை சுவடே இல்லாமல் போவதும் பல நேரங்களில் இதனால்தான். ஆற்று வெள்ளத்தைக் கணிப்பவர்கள் மழை மேகத்தைப் பார்ப்பதோடு கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டியிருப்பது இதற்காக.

இன்னொன்று, நிலத்தடி நீரே மேலே வந்து வெள்ளமாவது. தெற்கு இங்கிலாந்தின் வெள்ளைச் சுண்ணப் பாறைப் பகுதிகள் இதற்குப் பேர்போனவை. அங்கே சில்குரோவ் என்ற இடத்தில் ஒரு கிணற்றின் மட்டத்தை 1836 முதல் குறித்து வருகிறார்கள். உலகிலேயே மிக நீண்ட பதிவுகளில் ஒன்று அது. அந்தக் கிணற்றில் மட்டம் ஏறி இறங்கும் வீச்சு சுமார் 40 மீட்டர். 1993-94 குளிர்காலத்தில் விடாத மழையில் மட்டம் ஏறிக்கொண்டே போய், ஜனவரியில் கிணற்றின் வாய் வழியாகவே வழிந்தது. அதே பாறையிலிருந்து நீர் பெறும் லவன்ட், கோடையில் வறண்டு கிடக்கும் சின்ன ஆறு. அது சிசெஸ்டர் நகருக்குள் புகுந்தது.

சாதாரண ஆற்று வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும். இந்த வகை வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நிற்கும். வாசலில் மணல் மூட்டை அடுக்கியும் பிரயோஜனம் குறைவு, ஏனென்றால் நீர் வீட்டின் தரை வழியாகவே ஊறி வரும்.

வறட்சியைச் சொல்ல மழைக் கணக்கு போதாதா? மழை இல்லேன்னா வறட்சி, அவ்வளவுதானே?

மழை குறைவது வறட்சியின் ஆரம்பம் மட்டுமே. முதலில் மேல்மண் காயும், பிறகு ஓடைகள் மெலியும், அதற்கும் பிறகுதான் நிலத்தடி நீர் இறங்கும். ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் காலம் பிடிக்கும். நீர்த்தாங்கி என்பது நிலத்தடி நீரைத் தேக்கி வைத்திருக்கும் மண் அல்லது பாறை அடுக்கு. சிறிய, ஆழம் குறைந்த நீர்த்தாங்கியில் சில வாரங்கள். பெரிய, தடித்த நீர்த்தாங்கியில் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். திரும்பி வருவதும் அதே தாமதத்தோடுதான். மழைக் கணக்கில் வறட்சி முடிந்துபோன பிறகும் கிணறுகள் பல மாதம் வறட்சியிலேயே இருக்கும்.

மழை இல்லாத காலத்தில் ஆற்றில் ஓடுவதும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து கசிந்து வருவதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆறு எவ்வளவு மெலியும் என்பதற்கான விடை வசந்த காலத்திலேயே கிணற்றில் தெரிந்துவிடும்.

போன வாரம் மழை கொட்டுச்சு. கிணத்துல ஒரு விரல்கூட ஏறல. இதை எந்த மாடல் சரியாச் சொல்லும்?

நல்ல மாடல் சரியாகவே சொல்லும், ஏனென்றால் இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நீண்ட வெயிலுக்குப் பிறகு மேல்மண்ணில் 60 மி.மீ. ஈரம் குறைவாக இருக்கிறது என்று வைப்போம். 50 மி.மீ. மழை பெய்கிறது, எதுவும் வழிந்தோடவில்லை. மண் மொத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் 10 மி.மீ. பற்றாக்குறை மிச்சம். கீழே இறங்கியது பூஜ்யம். மண் மறுபடி காய்வதற்குள் இன்னொரு 50 மி.மீ. பெய்கிறது. இப்போது 10 மண்ணுக்குப் போக 40 மி.மீ. கீழே இறங்கும்.

இரண்டும் ஒரே மழைதான், விளைவு மட்டும் பூஜ்யமும் நாற்பதும். இதனால்தான் வெறும் மழையளவை வைத்து மட்டத்தைச் சொல்பவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். மாடலின் உள்ளே மண்ணின் ஈரத்துக்கு நாள்வாரியாக ஒரு தனிக் கணக்கு ஓடியாக வேண்டும். பாறைகளில் விரிசல் இருந்தால் கொஞ்சம் நீர் மண்ணுக்குக் காத்திராமல் நேராக இறங்கிவிடும் என்பது வேறு தொல்லை.

சரி, அந்த 40 மி.மீ. கீழே போனா மட்டமும் 40 மி.மீ. தானே ஏறும்?

இதைத்தான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். நீர் நிரம்புவது மண்துகள்களுக்கும் பாறை விரிசல்களுக்கும் நடுவே உள்ள இடத்தில் மட்டும். அதிலும் எல்லா இடமும் கணக்கில் வராது. நனைத்துக் கொடியில் போட்ட துணியிலிருந்து சொட்டி விழுவதுதான் நமக்குக் கிடைக்கும். ஈரமாக ஒட்டி நிற்பது கிடைக்காது. அப்படிச் சொட்டக்கூடிய பங்கு மணற்பாங்கான வண்டலில் 20 சதவீதம் வரை இருக்கலாம். சிதைந்த கடினப் பாறையில் 1 முதல் 3 சதவீதம்.

ஆகவே 40 மி.மீ. இறங்கினால், 20 சதவீத வண்டலில் மட்டம் 20 செ.மீ. ஏறும். 2 சதவீதப் பாறையில் 2 மீட்டர் ஏறும். எடுக்கும்போதும் இதே கதைதான்: பாறைப் பகுதிக் கிணறு சடசடவென்று நிறைந்து சடசடவென்று இறங்கும், வண்டல் பகுதிக் கிணறு நிதானமாக நகரும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே எச்சரிக்கை அளவை எல்லா ஊருக்கும் வைக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஒரு பகுதியையே கட்டம் கட்டமா பிரிச்சு பெரிய மாடல் போடணுமா, இல்ல சின்னதா ஒண்ணு போதுமா?

கேள்வியைப் பொறுத்தது. ஒரு கிணற்றின் அல்லது ஒரு நீர்த்தாங்கியின் மட்டம் அடுத்த சில மாதங்களில் எப்படிப் போகும் என்பதற்கு, மண் ஒரு தொட்டி, பாறை ஒரு தொட்டி என்று வைத்துக் கணக்கிடும் எளிய மாடலே தாராளம். நொடிகளில் ஓடும், ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

எந்தத் தெருவில் நீர் மேலே வரும், இந்தப் பக்கம் பம்ப் செய்தால் அந்தப் பக்கம் ஆறு வற்றுமா என்று இடம் சார்ந்து கேட்டால் கட்டம் பிரித்த மாடல் வேண்டும். இதற்கு உலகம் முழுக்கப் புழங்குவது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மாட்ஃப்ளோ. 1984இல் வந்தது, இன்றும் இலவசம். மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதால் பலரும் முதலில் இதில்தான் குதிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கட்டங்கள், அளந்த கிணறுகளோ நான்கைந்து. மீதிக் கட்டங்களில் எல்லாம் நிரப்புவது ஊகம். வண்ண வரைபடம் அழகாக வரும் என்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம்.

எங்க வீட்டு போர்வெல்லையே அளந்து குடுத்தா போதாதா?

நீங்கள் நீர் எடுக்கும் கிணறு என்றால் அது காட்டுவது பெரும்பாலும் உங்கள் மோட்டாரின் நேரத்தைத்தான். மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி மட்டம் குழிந்து இறங்கும், நிறுத்தினால் மெதுவாக மீளும். காலை ஆறு மணிக்கு அளந்ததையும் அடுத்த நாள் மத்தியானம் அளந்ததையும் ஒப்பிட்டு மட்டம் இறங்கிவிட்டது என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் யாரும் நீர் எடுக்காத தனிக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும்.

வேறு வழியே இல்லை, இருக்கும் கிணறுதான் என்றால் மோட்டாரை இரவெல்லாம் நிறுத்தி வைத்து, விடியற்காலையில், எப்போதும் ஒரே அடையாளப் புள்ளியிலிருந்து அளந்து எழுதுங்கள். கிணறு எத்தனை அடி, கேசிங் எந்த ஆழம் வரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அந்த நோட்டுப் புத்தகம் எந்த மென்பொருளைவிடவும் மதிப்புள்ளதாக இருக்கும்.

மழையே இல்ல, ஆனா கருவி மட்டம் அஞ்சு செ.மீ. ஏறினதா காட்டுது. கெட்டுப்போச்சா?

கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. மேலே களிமண் மூடி அழுத்தத்தில் இருக்கும் நீர்த்தாங்கியில், காற்றழுத்தம் குறைந்தால் கிணற்றில் மட்டம் ஏறும். காற்றழுத்தம் 10 மில்லிபார் குறைவது சுமார் 10 செ.மீ. நீர் உயரத்துக்குச் சமம். அதில் ஒரு பங்கு கிணற்றில் தெரியும். புயல் நெருங்கும்போது மழை வருவதற்கு முன்பே மட்டம் ஏறுவதுபோல் தோன்றுவது இதனால். வேறொன்றும் கவனிக்க வேண்டும்: சில கருவிகள் நீரின் அழுத்தத்தையும் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே பதியும். காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து கழிக்காமல் விட்டால் வானிலையைத்தான் வரைந்துகொண்டிருப்பீர்கள். இந்தத் திருத்தம் செய்யாத தரவை மாடலுக்குள் போட்டால், பெய்யாத மழைக்கு அது காரணம் தேட ஆரம்பித்துவிடும்.

இப்பதான் சாட்டிலைட் இருக்கே. மேல இருந்தே பார்த்துக்கலாமே?

கிரேஸ் திட்டத்தைச் சொல்கிறீர்கள். சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரண்டு செயற்கைக்கோள்கள், 2002 முதல் 2017 வரை. கீழே நிறை கூடினால் ஈர்ப்பு கொஞ்சம் கூடும், இடைவெளி நூலிழை அளவு மாறும். அதிலிருந்து நீரின் நிறை மாற்றத்தைக் கணக்கிட்டார்கள். 2018 முதல் அடுத்த ஜோடி பறக்கிறது. வடமேற்கு இந்தியாவில் 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபருக்குள் சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்று 2009இல் உலகுக்குச் சொன்னது இந்தத் தரவுதான். பெரிய விஷயம்.

ஆனால் அதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். மண் ஈரம், ஏரி, ஆறு, பனி, நிலத்தடி நீர் எல்லாவற்றின் மாற்றத்தையும் ஒன்றாகத்தான் காட்டும். மற்றவற்றை வேறு மாடல்களிலிருந்து எடுத்துக் கழிக்க வேண்டும். கண்டம் தழுவிய வறட்சிக்கு அருமை. உங்கள் தாலுகாவுக்கு உதவாது.

அடுத்த மாச மழையே யாருக்கும் தெரியாது. நீங்க மட்டும் மூணு மாசத்துக்கு அப்புறம் மட்டம் எங்கே நிக்கும்னு எப்படிச் சொல்றீங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, இந்தத் துறையின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் மெதுவாக நகர்வதால், மூன்று மாதம் கழித்து மட்டம் எங்கே இருக்கும் என்பதில் பெரும்பகுதி இன்று எங்கே இருக்கிறது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. மீதியைத்தான் வரப்போகும் மழை தீர்மானிக்கும். அந்த மீதிக்கு ஒரே ஒரு ஊகத்தை வைக்காமல், கடந்த ஆண்டுகளின் மழையைக் கடன் வாங்குகிறோம். இன்றைய மட்டத்திலிருந்து தொடங்கி, அடுத்த மூன்று மாதம் 1995 போல் பெய்தால், 1996 போல் பெய்தால் என்று முப்பது ஆண்டு மழையை வைத்து முப்பது தடவை மாடலை ஓட்டுவோம். முப்பதில் இருபத்தொன்று எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே போனால் 70 சதவீத வாய்ப்பு என்று சொல்வோம். பருவமழை எப்படி இருக்கும் என்ற முன்னறிவிப்பு நம்பும்படி இருந்தால், அதற்கேற்ற ஆண்டுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம்.

பிரிட்டனில் 2013 முதல் ஆறுகளுக்கும் நிலத்தடி நீருக்கும் சேர்த்து மாதந்தோறும் இப்படியொரு முன்னோக்கு வெளியாகிறது. மெதுவான நீர்த்தாங்கிகளில் இந்த முறை மாதக்கணக்கில் முன்கூட்டியே பயன் தரும். விரிசல்கள் நிறைந்து, மழை பெய்த மறுநாளே மட்டம் துள்ளும் பாறைகளில் சில நாட்களுக்கு மேல் சொல்வது வீண்; அங்கே வானிலை முன்னறிவிப்புதான் எல்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாக விழுகிறது. இன்றைய மட்டத்தைத் தப்பாகப் போட்டுத் தொடங்கினால் முப்பது ஓட்டமும் தப்பு. ஒரு பகுதிக்கு இருக்கும் பணத்தில் புது மென்பொருளா, இன்னும் பத்துக் கண்காணிப்புக் கிணறுகளா என்று என்னைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கிணறு என்றுதான் சொல்வேன்.

70 சதவீதம் வறட்சின்னு சொன்னீங்க, வரலியே. அப்ப தப்புதானே?

அந்த ஒரு தடவையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 30 சதவீதமும் நடக்கக்கூடியதுதான். 70 சதவீதம் என்று சொன்ன நூறு சந்தர்ப்பங்களில் ஏறக்குறைய எழுபதில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பதில்தான் நடந்தது என்றால் எங்களைப் பிடித்துக் கேளுங்கள்.

பழைய இருபது வருஷ மட்டத்தோட மாடல் கச்சிதமா பொருந்துது. இனி நம்பலாம்தானே?

பொருத்தம் வேண்டும், ஆனால் அது போதாது. மழையில் பத்து சதவீதம் கீழே இறங்குகிறது, பாறையில் சொட்டும் பங்கு ஒரு சதவீதம் என்று வைத்தாலும், இருபது சதவீதம் இறங்குகிறது, இரண்டு சதவீதம் சொட்டும் என்று வைத்தாலும் கிணற்றில் தெரியும் ஏற்றம் ஒன்றுதான். மேலே போட்ட 40 மி.மீ. கணக்கை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாடலும் கடந்த காலத்தை ஒரே மாதிரி வரையும். ஆனால் பம்பிங் இரட்டிப்பானால் என்ன ஆகும் என்று கேட்டால் இரண்டும் வெவ்வேறு பதில் தரும். 1992இல் லெனார்ட் கோனிகோ, ஜான் பிரெட்ஹோஃப்ட் என்ற இரு நீரியலாளர்கள் நிலத்தடி நீர் மாடலை மெய்ப்பித்துவிட்டதாகச் சொல்லவே முடியாது, தவறென்று காட்டத்தான் முடியும் என்று எழுதியது கடுமையாகத் தோன்றினாலும் நியாயமானது.

இதற்கு மருந்து, மட்டத்தோடு வேறொன்றையும் சேர்த்துப் பொருத்துவது. கோடையில் ஆற்றில் ஓடிய அளவு, ஊற்றின் அளவு, பம்ப் சோதனையில் கிடைத்த பாறையின் குணம், எது கிடைக்கிறதோ அது. அப்புறம், மாடலை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். போன மாதம் சராசரியைவிட எவ்வளவு கீழே இருந்ததோ இந்த மாதமும் அவ்வளவே கீழே இருக்கும் என்று எந்த மாடலும் இல்லாமல் ஒருவர் சொன்னாலே மெதுவான நீர்த்தாங்கியில் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவரைத் தோற்கடிக்காத மாடலுக்கு என்ன பெருமை?

செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு. இன்னும் எதுக்கு இந்த மண்ணு, பாறை கணக்கெல்லாம்?

நீண்ட, இடைவெளியில்லாத பதிவு உள்ள கிணறுகளில் இயந்திரக் கற்றல் முறைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. பல இடங்களில் பழைய மாடல்களுக்குச் சளைத்தவை அல்ல. ஆனால் வெள்ளமும் வறட்சியும் பதிவின் இரு ஓரங்கள். பதிவிலேயே இல்லாத வறட்சி வரும்போது, இதுவரை பார்க்காத அளவு பம்பிங் நடக்கும்போது, பார்த்ததை வைத்து மட்டும் கற்றுக்கொண்டது தடுமாறும். நீர் கூடவோ குறையவோ செய்தால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையாவது அதற்குள் இருக்க வேண்டும்.

யார் எவ்வளவு தண்ணி எடுக்கறாங்கன்னு கணக்கே இல்லாத இடத்துல என்ன பண்ணுவீங்க?

மிக இருட்டான பகுதி இதுதான். மீட்டர் இல்லாத மோட்டார்களை நேராக எண்ண முடியாது. பம்ப் செட்டுகளுக்கான மின்சாரப் பயன்பாடு, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பாசனப் பரப்பு, பயிர் ஆவியாக்கும் நீர் இவற்றை வைத்துச் சுற்றுவழியில் மதிப்பிடுகிறோம். வறட்சியில் மழையும் குறைகிறது, அதே நேரம் பம்பிங்கும் கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. பம்பிங்கை ஒரே அளவாக வைத்து ஓட்டிய வறட்சிக் கணிப்பு எப்போதும் நிலைமையைக் கொஞ்சம் நல்லதாகவே காட்டும்.

கீழே இறங்கற அளவைவிடக் குறைவா எடுத்தா ஆபத்தே இல்லைதானே?

கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் சரியில்லை. யாரும் பம்ப் செய்யாத காலத்தில் இறங்கிய நீர் சும்மா கிடக்கவில்லை. அதே அளவு ஆற்றுக்கும் ஊற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. இதை 1940இலேயே அமெரிக்க நீரியலாளர் சார்லஸ் தீஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நாம் எடுப்பது சேமிப்பிலிருந்து வர வேண்டும், அல்லது கூடுதலாக இறங்கும் நீரிலிருந்து, அல்லது வெளியேறிக்கொண்டிருந்ததைப் பறித்து. கிணற்றில் நீர் இருக்கிறது, ஆறு மட்டும் கோடையில் செத்துப்போகிறது என்றால் மூன்றாவதுதான் நடந்திருக்கிறது. வறட்சிக் கணிப்பில் கிணற்றோடு ஆற்றையும் சேர்த்து மாடல் போடச் சொல்வது இதனால்.

அப்ப பம்பிங்கையே நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடுமா?

லண்டனைப் பாருங்கள். தொழிற்சாலைகள் உறிஞ்சியதில் 1960களில் நகர மையத்தில் மட்டம் கடல் மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே போயிருந்தது. பிறகு தொழிற்சாலைகள் குறைந்தன, மட்டம் ஏற ஆரம்பித்தது. மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய சுரங்க ரயில் பாதைகளுக்கும் ஆழமான அஸ்திவாரங்களுக்கும் அதுவே ஆபத்தானது. கடைசியில் 1990களின் இறுதியில் மட்டத்தைப் பிடித்து நிறுத்தவே திட்டம் போட்டு நீர் எடுக்க வேண்டியிருந்தது. மட்டம் இறங்குவது போலவே, ஏறுவதையும் முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் சரி. என் கிணறு இந்தக் கோடையில வத்துமா, வத்தாதா?

மாடல் சொல்வது பகுதியின் மட்டத்தை. உங்கள் கிணறு வற்றுவது அதன் ஆழத்தையும், மோட்டார் எந்த ஆழத்தில் இறக்கப்பட்டிருக்கிறது என்பதையும், பக்கத்தில் யார் பம்ப் செய்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. பகுதி மட்டம் 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் என்று கணிப்பு வந்தால், ஓட்டும்போது உங்கள் கிணற்றில் இன்னும் எத்தனை மீட்டர் குழியும் என்பதை நீங்களே அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுவதற்கு முன் ஒரு அளவு, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு அளவு. அந்த வித்தியாசம் 6 மீட்டர் என்றால், மோட்டார் 26 மீட்டருக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் கோடை வருவதற்கு முன் குழாயை இறக்குவதா, எடுப்பதைக் குறைப்பதா என்று பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு பேசிவிடுவது நல்லது.